முத்தம்மாவின் க்ளோசப்

முத்தம்மா பட்டுப்புடவையில் வந்து மீன் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

அரக்கு நிறம். அகலமான சரிகை. தலை நிறைய மல்லிகை. முகத்தில் பூசிய பவுடர் கழுத்துக்கு ஒரு விரல் மேலேயே நின்றுவிட்டிருந்தது.

இஃப்ரா கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள்.

"அக்கா, நேத்து நீலப் புடவை கட்டியிருந்தீங்களே?"

"அது நேத்து, டீச்சரு. இன்னிக்கு க்ளோசப்புன்னு அந்தத் தம்பி சொல்லிச்சே."

அந்தத் தம்பி மகேஷ். ஒன்பதாம் வகுப்பு. கேமரா அவனிடம் இருந்தது. கேமரா என்றால் அவனுடைய அண்ணனின் போன். அவன் இவர்கள் பக்கம் திரும்பாமல் பட்டினப்பாக்கம் கடலில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தான்.

"கன்டினியூட்டி போச்சு மிஸ்" என்றாள் ஹம்சினி. அதே வகுப்பு. படத்தின் இயக்குநர். அந்தச் சொல்லைத் திங்கட்கிழமைதான் கற்றிருந்தாள். "நீலப் புடவைல கூடையைத் தூக்கறா. பட்டுப் புடவைல இறக்கறா. நடுவுல கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தாளான்னு எல்லாரும் கேப்பா."

"இரு" என்றாள் இஃப்ரா. "யோசிக்கிறேன்."

யோசிக்க வேண்டியிருந்ததற்குக் காரணம் அவளே போட்ட விதி.

மந்தைவெளியில் ஒரு பள்ளி. கோடை விடுமுறையில் மாணவர்களுக்குக் காட்சிவழிக் கதை சொல்லும் பயிற்சிப் பட்டறை. முதல் நாளே இஃப்ரா கணினி அறைக் கரும்பலகையில் மூன்று சொற்கள் எழுதினாள். சொல்லாதே. கேட்காதே. பார்.

"நாம எடுக்கப் போறவங்ககிட்ட இதைச் செய், அதைச் செய்னு சொல்லக் கூடாது" என்று விளக்கினாள். "கேள்வியும் கேக்கக் கூடாது. கேட்டா பதில் வரும். பதில்னா வார்த்தை. நம்ம வேலை வார்த்தை இல்ல. ஒரு மனுஷியை வெறும் கண்ணால பார்த்தே தெரிஞ்சுக்கணும். அப்பதான் நிஜம் கிடைக்கும்."

பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். மகேஷ் 'நிஜம்' என்பதைச் சுற்றிப் பெட்டி போட்டான்.

விதி இஃப்ராவுக்கு உயிர். காட்சித் தொடர்பியல் படித்து முடித்து நான்கு வருடம் திருமண வீடியோக்களில் பொய்களைத் தொகுத்திருந்தாள். பேசிக்கொள்ளாத மணமக்களைப் பலூன் பறக்கவிட்டுச் சிரிக்க வைத்திருக்கிறாள். இது அவளுக்குக் கிடைத்த முதல் சுத்தமான வேலை. அது நிலைக்குமா என்பது சனிக்கிழமை தெரியும்.

பள்ளியின் தாளாளர் ஆரோக்கியநாதன் வளைத்துப் பேசுகிறவர் அல்ல. "சனிக்கிழமை படத்தைப் போடுங்க. பாக்கறேன். மனசுல நின்னா ஜூன்லேர்ந்து வாரம் ரெண்டு பீரியடு, வேலை உங்களுக்கே. நிக்கலைன்னா கராத்தே மாஸ்டர் வெயிட் பண்றார்" என்றார்.

தி. நகரில் பயணப் பை, பெட்டி விற்கும் கடை வைத்திருக்கும் அவளுடைய அத்தா அன்வர் பாஷாவும் காத்திருந்தார். கல்லாவுக்குப் பக்கத்தில் மகளுக்காக ஒரு நாற்காலி வாங்கிப் போட்டாயிற்று. சக்கரம் வைத்தது. பிளாஸ்டிக் உறையைக்கூட அவர் இன்னும் பிரிக்கவில்லை.

"இன்னாம்மா, மீன் படமா எடுக்கற?" என்று தினமும் மாலை போனில் கேட்டார்.

"மீன் படம் இல்லத்தா. மனுஷங்க படம்."

"மனுஷங்க படத்துக்கு மீனு எதுக்கு?"

பதில் சொல்ல அவளுக்குத் தெரியும். அவருக்குச் சொல்லத்தான் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை அவர்கள் முதல்முறை மீன் கடைகளுக்குப் போனபோது எல்லாம் சுலபமாக இருந்தது. போனை எடுத்ததுமே வரிசையில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் ஒரே திசையில் கை காட்டினார்கள்.

"முத்தம்மாவை எடுங்க."

"அதோ, அந்த ஓரத்துல கீது பாரு. அதுதான் முத்தம்மா. அத்த எடுங்க."

பட்டறையைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் இஃப்ராவுக்கு அந்தக் காட்சி நினைவுக்கு வந்தது. ஒருத்திக்குக்கூடத் தன்னை எடுக்க வேண்டுமென்று தோன்றவில்லை. தங்களில் ஒருத்தியை எல்லாருமாக முன்னால் தள்ளிவிட்டார்கள். எந்தக் கல்யாண வீட்டில் இதைப் பார்க்க முடியும்?

முத்தம்மாவுக்கு அறுபது இருக்கும். வரிசையின் கடைசிப் பலகை. எதிரே கடல். பெரும்பாலும் மீனைப் பார்க்காமல் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் அங்கே இருந்தவரை ஒருவர்கூட அவரிடம் வந்து மீன் வாங்கவில்லை. ஹம்சினி தன் காட்சிக் குறிப்பில் 'வியாபாரம் இல்லை, நம்பிக்கை இருக்கிறது' என்று எழுதினாள். இஃப்ரா அதன்கீழே ஒரு கோடு போட்டுக் கொடுத்தாள்.

இப்போது அந்த நம்பிக்கை பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தது.

"அக்கா" என்றாள் இஃப்ரா. விதியை உடைக்காமல் சொல்லப் பார்த்தாள். "உங்களுக்கு எது வசதியோ அதைக் கட்டிக்குங்க."

"பட்டுதான் வசதி."

"இல்லக்கா. வழக்கமா எப்படி வருவீங்களோ, அப்படி."

"ஓ" என்று முத்தம்மா எழுந்தார். "அந்த மாதிரி படமா. மொதல்லியே சொல்லக் கூடாதா? இரு, வந்துர்றேன்."

பக்கத்துக் குடியிருப்புக்குள் போனவர் திரும்பி வந்தபோது மல்லிகை இல்லை, பவுடர் இல்லை. தலை கலைந்திருந்தது. உடம்பில் யாருடையதோ ஒரு பழம்புடவை. தோளருகே நீளமாக ஒரு கிழிசல்.

"இது போதுமா? இன்னும் கொஞ்சம் கிழிக்கட்டுமா?"

"ஐயோ அக்கா! எதுக்குக் கிழிக்கிறீங்க?"

"போன வருசம் வந்த காலேஜு புள்ளைங்க கிழிசல்தான் வோணும்னாங்க. அதுக்கு மொத வருசம் வந்த வெள்ளைக்காரம்மா பளிச்சுனு வோணும்னு கேட்டுச்சு. உங்களுக்கு எது?"

ஹம்சினி ஆசிரியையைப் பார்த்தாள். மகேஷ் ஆசிரியையைப் பார்த்தான்.

"எனக்கு ஒண்ணும் புச்சு இல்ல டீச்சரு" என்றார் முத்தம்மா. "மொதல்ல கூடையத் தூக்கிகினு நடக்கணும். காலை மட்டும் எடுப்பீங்க. அப்பால கடலப் பாக்கணும். அப்பால ஒரு பெருமூச்சு. அழுவ கடைசி நாளு. கரெக்டா?"

"எங்களுக்கு நடிப்பே வேணாம்கா. நிஜம்தான் வேணும்."

"நெஜமா?" முத்தம்மா கண்ணைச் சுருக்கினார். உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போல் கேட்டார். "அது எந்த மாதிரி?"

அன்று படப்பிடிப்பு அத்துடன் முடிந்தது.

திரும்பும் வழியில் ஹம்சினி கேட்டாள். "கேமராவைப் பாத்தா எல்லாரும் மாறிடறா மிஸ். அப்போ கேமரா இல்லாதப்போ அவா எப்படி இருப்பான்னு நாம எப்படித்தான் எடுக்கறது?"

நல்ல கேள்வி. அதற்கு இஃப்ரா கண்டுபிடித்த பதில்தான் மோசமானது.

வியாழக்கிழமை மகேஷின் சாப்பாட்டுப் பையில் ஒரு ஓட்டை போட்டாள். உள்ளே போன். ஓட்டைக்கு நேராக லென்ஸ். கடைவரிசைக்கு எதிரே நின்ற ஆட்டோவுக்குப் பின்னால் மகேஷ் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான்.

"யாருக்கும் தெரியாது. அவங்க அவங்களா இருப்பாங்க. நாம பார்ப்போம், அவ்வளவுதான்" என்றாள் இஃப்ரா.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் தலை வாரிக்கொண்டார்.

"நைனா, நம்ம வண்டி நம்பரு தெரியற மாதிரி எடு" என்றார் மெதுவாக.

அதற்குள் வரிசைக்குச் சேதி போய்விட்டது. இறால் விற்கிறவர் திடீரென்று செய்தி வாசிப்பவரைப் போலத் தெளிவான தமிழில் கூவத் தொடங்கினார். கத்தியில் செதில் சுரண்டிக்கொண்டிருந்த பெண் சுரண்டியபடியே முகவாயைத் தூக்கி வைத்துக்கொண்டார். வடிவு என்று எல்லாரும் கூப்பிடும் சண்முகவடிவு மட்டும் எதையும் கண்டுகொள்ளாமல் வியாபாரம் பார்த்தார். அவருடைய பலகைமுன்தான் கூட்டமே இருந்தது.

வடிவிடம் வஞ்சிரம் பேரம் பேசிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் சட்டென்று திரும்பினார். நைட்டி, அதன்மேல் துண்டு.

"ஏய் தம்பி. பையில இன்னா அது, முழிச்சிப் பாக்குது?"

மகேஷ் பையைப் பின்னால் மறைத்தான். அதுதான் தவறு. பை முதுகுப்பக்கம் போனதும் லென்ஸ் அவனுக்குப் பின்னால் நின்ற இன்னொரு பெண்ணைப் பார்த்தது. அவரும் கத்தினார்.

"நான் நைட்டியோட வந்துகீறேன். இத்த ஊர் பூரா போட்டு வுடுவியா?" என்றார் நைட்டி அம்மாள்.

"இல்ல ஆன்ட்டி, பட்டறை…"

"எந்தப் பட்டறையா இருந்தா எனக்கின்னா? அழி. எங்கண்ணு முன்னால அழி."

இஃப்ரா ஓடிவந்து மன்னிப்புக் கேட்டாள். அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "டீச்சரா? டீச்சரே சொல்லிக் குடுக்குதா ஒளிஞ்சி நின்னு எடுக்க?"

மகேஷ் அழித்தான்.

"அழிச்சிட்டேன் ஆன்ட்டி."

"அதுக்குள்ளாற இன்னொரு குப்பத்தொட்டி இருக்கும். எம்மவன் எல்லாத்தையும் அதுலதான் ஒளிச்சி வெப்பான். அத்தையும் காலி பண்ணு."

அதையும் காலி செய்தான். அம்மாள் வஞ்சிரத்தை வாங்கிக்கொண்டு போனார். வடிவு அவருக்காக இரண்டு துண்டு கூடுதலாகப் போட வேண்டியிருந்தது.

"டீச்சரம்மா" என்றார் வடிவு. குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. "உங்களுக்குன்னுதான முத்தம்மாவக் காட்டி வுட்டோம். இங்க எதுக்கு வர்றீங்க?"

"சாரிக்கா."

ஆட்டோவுக்குப் பின்னால் மகேஷ் போனையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எந்த ஷாட்டை அழிச்ச?" என்றாள் ஹம்சினி.

"எல்லாத்தையும்."

"எல்லாத்தையும்னா?"

"பயத்துல செலக்ட் ஆல் குடுத்துட்டேன். அண்ணனோட கோவா ட்ரிப்பும் போச்சு."

செவ்வாய்க்கிழமையின் நீலப்புடவை, கூடை, கடல் எதுவும் இல்லை. ஹம்சினி மணலில் உட்கார்ந்துவிட்டாள். "கன்டினியூட்டி பிரச்சினை தீர்ந்தது மிஸ்" என்றாள் அழாத குறையாக.

ஆக, கையில் இருந்தது வெள்ளிக்கிழமை ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை காலை அவர்கள் போனபோது மீன் இல்லை.

ஒரு பலகையிலும் இல்லை. வடிவு பிளாஸ்டிக் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"காத்து தூக்கிகினு கீது. ஒரு போட்டும் போவல" என்றார். "நாளைக்கு வாங்க."

"நாளைக்குப் படம் போடணும்கா."

"அதுக்குக் காத்துதான் பதில் சொல்லணும்."

இஃப்ரா கடலைப் பார்த்தாள். மீனில்லாத மீன் கடை. இதுவும் நிஜம்தானே என்று ஒரு கணம் தோன்றியது. இதை எடுக்கலாமே. அடுத்த கணம் தாளாளரின் முகமும் கராத்தே மாஸ்டரின் வெள்ளை உடுப்பும் அத்தா வாங்கிப் போட்ட நாற்காலியும் வரிசையாக வந்தன. ஸ்கூட்டரைக் கிளப்பிப் பாலத்தைத் தாண்டி அடையாறுக்குப் போனாள்.

குளிரூட்டப்பட்ட மீன் கடை. கையுறை அணிந்த ஊழியர்.

"கறி கட்டா மேடம், ஸ்டீக் கட்டா?"

"முழு மீன்."

"முழுசா யாரும் வாங்க மாட்டாங்களே மேடம். அசிங்கமா இருக்கும்."

தேடி எடுத்ததில் ஒன்றே ஒன்று கிடைத்தது. பெரியது. கட்லா. அது எங்கே பிறந்த மீன் என்று இஃப்ரா யோசிக்கவில்லை. மீன் என்றால் மீன். பட்டினப்பாக்கம் வந்து சேர்வதற்குள் பாலத்தில் ஒரு முறை, சிக்னலில் ஒரு முறை நெரிசலில் நின்றாள். மீன் ஸ்கூட்டரின் இருக்கைக்கு அடியில் இருந்தது. வெயில் இருக்கைக்கு மேலே இருந்தது.

வடிவு அதைப் பார்த்ததும் டீயைக் கீழே வைத்தார்.

"இன்னா இது?"

"மீனுக்கா."

"ஏரி மீனு! இத்த எங்க பலகைல வெக்கப் போறியா? நாளைக்கு எவ வருவா எங்கிட்ட?" என்று அதைத் தூக்கிப் பார்த்தார். "பாவம். இது கடலையே இன்னிக்குத்தான் பாக்குது."

"படத்துல தெரியாதுக்கா. தலையை மூடிடுவோம். ஒரே ஒரு தடவைக்கா. இது நல்லா வந்தாத்தான் எனக்கு வேலை. இல்லேன்னா எங்கத்தா கடையில உக்காரணும்."

வடிவு மீனைக் கீழே வைத்தார்.

"கடைன்னா இன்னா கடை?"

"பெட்டிக் கடைக்கா. ட்ராவல் பெட்டி."

"ஏசியா?"

"ஆமா."

"அங்கியே ஒக்காரலாமே" என்றவர், அவள் முகத்தைப் பார்த்து, "செரி செரி, எடு. சீக்கிரம் முடி" என்றார். குடியிருப்பின் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "யக்கா! முத்தம்மாக்கா! உன்னியத்தான்!"

முத்தம்மா நீலப்புடவையில் வந்தார். இந்த முறை யாரும் சொல்லவில்லை.

இஃப்ரா மற்ற எல்லாவற்றையும் சொன்னாள்.

"அக்கா, கூடையை எடுத்துட்டு அங்கேர்ந்து நடந்து வாங்க. மகேஷ், கால் மட்டும். இப்ப நில்லுங்க. கடலைப் பாருங்க. இன்னும் கொஞ்சம் இடது பக்கம். ஒரு பெருமூச்சு விடுங்கக்கா."

முத்தம்மா ஒவ்வொன்றையும் முதல் தடவையிலேயே சரியாகச் செய்தார். எங்கே நிற்கச் சொன்னாலும் அங்கேயே நின்றார். அவருடைய நிழல்கூடச் சட்டத்துக்குள் ஒழுங்காக விழுந்தது. ஹம்சினி கையிலிருந்த காகிதத்தைப் பார்க்கவே இல்லை, ஆசிரியையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இஃப்ரா அந்தப் பார்வையைத் தவிர்த்தாள். புதன்கிழமை முத்தம்மா சொன்ன அதே வரிசையில்தான் படம் போய்க்கொண்டிருந்தது. அழுகை ஒன்றுதான் பாக்கி.

"அழுவணுமா?" என்றார் முத்தம்மா, நினைவு வந்தவராக.

"வேணாம்கா" என்றாள் இஃப்ரா. எங்காவது ஓர் இடத்தில் நின்றாக வேண்டும். "மீனை ரெண்டு கையாலயும் எடுத்துக் கூடையில வைங்க. அவ்வளவுதான். படம் முடிஞ்சுது."

முத்தம்மா உடனே குனியவில்லை. மீனை ஒரு முறை பார்த்தார். கடலைப் பார்த்தார்.

"நான்தான் எடுக்கணுமா?"

"ஆமாக்கா."

மகேஷ் அருகில் வந்து குனிந்தான். காற்று அடங்கியிருந்தது. முத்தம்மா குனிந்து இரண்டு கையாலும் அந்தப் பெரிய மீனைத் தூக்கினார். மார்பளவு உயர்த்தினார். அப்படியே நின்றுவிட்டார்.

முகத்தில் ஏதோ நகர்ந்தது. உதடுகள் இறுகின. கண்ணில் நீர் திரண்டு நின்று, பிறகு வழிந்தது. மீனைக் கூடையில் வைத்தார், வைத்தார் என்பதைவிட விட்டார். முந்தானையை வாரி முகத்தில் அழுத்திக்கொண்டு திரும்பினார். தோள் ஒரு முறை குலுங்கியது. மறுபடி குலுங்கியது.

யாரும் 'கட்' சொல்லவில்லை.

முத்தம்மா சட்டத்தை விட்டு வெளியேறி, குழாயடிக்குப் போய், வெகுநேரம் முகத்தைக் கழுவினார். காலியான பலகைகளும் படகு போகாத கடலும் மட்டும் போனின் திரையில் எஞ்சின. மகேஷ் மூச்சுவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

"மிஸ்" என்றாள் ஹம்சினி மெல்லிய குரலில். "இது நடிப்பு இல்ல."

இஃப்ராவுக்கும் தெரிந்தது.

முத்தம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். கண் சிவந்திருந்தது. "இன்னொரு டேக்கா?" என்றார். குரலில் ஒரு கெஞ்சல் இருந்ததுபோல் பட்டது.

"வேணாம்கா" என்று இஃப்ரா அவருடைய ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். "போதும். மன்னிச்சுக்குங்க."

"இதுக்கெல்லாம் இன்னா மன்னிப்பு" என்றார் முத்தம்மா. கூடைப் பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

அன்று மாலை பள்ளியின் கணினி அறையில் படத்தைத் தொகுக்கும்போது இஃப்ரா அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். மீன் பொய். புடவை பொய். நடை, பார்வை, பெருமூச்சு எல்லாம் அவள் சொல்லி வாங்கியவை. காலையிலிருந்து அடுக்கியது முழுக்கப் பொய். அந்த அடுக்கின் உச்சியில், யாரும் கேட்காமல், ஒரு நிஜம் வந்து உட்கார்ந்துவிட்டுப் போய்விட்டது. வேறு வழியாக அது வந்திருக்குமா? கரும்பலகையில் அந்த மூன்று சொற்கள் இன்னும் இருந்தன. அழிக்கலாமா என்று துடைப்பானை எடுத்தாள். பிறகு வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை பள்ளியின் பெரிய கூடம் நிறைந்திருந்தது. தாளாளர் முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். கடைசி வரிசையில் அன்வர் பாஷா, கடையைப் பாதியில் விட்டு வந்தவரின் அவசரத்தோடு. நடுவில் ஹம்சினியின் அம்மா ஜெயஸ்ரீ. படம் கலங்கரை விளக்கத்தைப் பற்றியது என்று மகள் அவரிடம் சொல்லியிருந்தாள். முத்தம்மா அதே அரக்குப் பட்டில் வந்திருந்தார். துணைக்கு வடிவு.

விளக்கை அணைத்தார்கள். 'படகு போகாத நாள்' என்று எழுத்து வந்தது.

கால்கள் நடந்தன. கடல் வந்தது. ஜெயஸ்ரீ குனிந்தார்.

"லைட்ஹவுஸ் எங்கடீ?"

"வரும்மா."

"எப்போ? மீனா வந்துண்டிருக்கே."

"பின்னாடி இருக்கும்மா. பேசாம பாரேன்."

பிறகு முத்தம்மா மீனைத் தூக்கினார். திரை முழுக்க அந்த முகம். உதடுகள் இறுகின. கண்ணீர் வழிந்தது. முந்தானை எழுந்து முகத்தை மூடியது. கூடத்தில் யாரும் இருமவில்லை. காலிப் பலகைகள், கடல், இருட்டு.

விளக்கைப் போட்டபோது ஆரோக்கியநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். ஜெயஸ்ரீ மூக்கை உறிஞ்சினார். "லைட்ஹவுஸ் வரவே இல்லையேடீ" என்று சொல்லிக்கொண்டே மகளின் தலையைத் தடவினார்.

தாளாளர் மேடையேறி ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"எவ்வளவோ படம் பாத்திருக்கேன்" என்றார். "அந்தக் கடைசி ஷாட்டை உலகத்துல எந்த நடிகையாலயும் நடிக்க முடியாது. அது வாழ்க்கை. இந்த மாதிரி பாக்க எங்க புள்ளைங்களுக்குக் கத்துக் குடுத்த இஃப்ரா மிஸ், ஜூன்லேர்ந்து நம்ம ஸ்கூல்லதான் இருப்பாங்க."

கைதட்டல். மகேஷ் விசிலடித்து, உடனே தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான். கடைசி வரிசையிலிருந்து அன்வர் பாஷா எழுந்து வந்தார்.

"அந்த நாற்காலிய வித்துடறேன்" என்றார். திரையைத் திரும்பிப் பார்த்தார். "அந்தம்மா மீனத் தூக்குனாங்கல்ல. அப்ப எனக்கு உங்கம்மா நெனப்பு வந்துடுச்சு. ஏன்னு தெரியல." பதிலுக்குக் காத்திருக்காமல் வெளியே போய்விட்டார்.

மேடையில் தாளாளர் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தார். முத்தம்மாவுக்குப் பொன்னாடை. அது மட்டுமல்ல. பள்ளி விடுதிக்கு இனி வாராவாரம் மீன் முத்தம்மாவிடம்தான். வேறு யாரிடமும் இல்லை.

இஃப்ராவுக்குக் கால் தரையில் பாவவில்லை. இந்தச் செய்தியை முதலில் யாரிடமாவது சொல்ல வேண்டும். வராந்தாவுக்கு வந்தாள். வடிவு அங்கே செருப்புக் குவியலில் தன் ஜோடியைத் தேடிக்கொண்டிருந்தார். ஐஸ் வண்டி வரும் நேரமாம்.

"கேட்டீங்களாக்கா? இனிமே ஹாஸ்டலுக்கு மீன் முழுக்க முத்தம்மாக்காகிட்டதான்!"

வடிவு ஒற்றைச் செருப்போடு நிமிர்ந்தார்.

"அதுங்கிட்டயா? ஐயோ கண்ணு, அந்த ஆர்டர எம்பேர்ல எழுதச் சொல்லு. அது என்னிக்கு மீன் வித்துச்சு?"

இஃப்ரா சிரித்தாள். வடிவு சிரிக்கவில்லை என்பதைக் கவனித்து நிறுத்தினாள்.

"கேமராவத் தூக்கிகினு மாசத்துக்கு யாராவது வந்துகினே கீறாங்க. எங்க யாவாரம் கெட்டுப் பூடுது. அதான், யாரு வந்தாலும் முத்தம்மாவ இட்டாந்து ஓரமா ஒக்கார வெச்சிடுவோம். வூடு இங்கதான், பொழப்பு கோடம்பாக்கத்துல. சினிமால கூட்டத்துல நிக்கிற வேல. எத்தினியோ படம், ஒண்ணுலயும் மூஞ்சி தெரியாது. இங்கதான் அதுக்குக் கொஞ்சம் க்ளோசப்பு."

கூடத்துக்குள் பொன்னாடை விழுந்தது. முத்தம்மா தாளாளரைப் பார்க்கவில்லை. விளக்கு எந்தப் பக்கம் என்று பார்த்து, அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

இஃப்ரா வடிவின் பக்கம் திரும்பினாள். ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும் என்றிருந்தது.

"அப்போ அந்தக் கடைசி ஷாட்டு? அந்த அழுகை? அதுவும் நடிப்பாக்கா?"

"சீச்சீ" என்றார் வடிவு, இன்னொரு செருப்பைக் காலால் இழுத்தபடி. "அது நெஜம்தான் கண்ணு. முத்தம்மாவுக்கு மீன் கவுச்சி ஆவவே ஆவாது."